அரக்கோணம் வரை வந்தவனுக்கு

விழும். முகத்தில் வடு விழுமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் முதல் பதில். நெற்றியில் விழும், மூக்கு நுனியில் விழும், இரண்டு கன்னத்திலும் விழும். எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் என் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொள், அது உனக்கு மறந்திருக்காது.

சிரஞ்சீவி ராஜவேலுவுக்கு உன் சின்னம்மா ஜெயம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் பொய். அங்கே நீங்கள் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது பொய் இல்லை, கைக்குழந்தை இருக்கிற வீடு. தமயந்தி எழுந்து நடமாடுகிறாளா, பால் போதுகிறதா, அவளை ஈரத்தில் நிற்க விடாதே, பிள்ளை பெற்ற உடம்பு. உன் மாமியார் கூட இருக்கிறார் என்பது ஒரு தைரியம். மரியாதைக்குக் கேட்க வேண்டியது இவ்வளவுதான், கேட்டாகிவிட்டது. இனிமேல் எழுதப் போவதை அவளிடம் படித்துக் காட்டாதே, அழுவாள், பால் கட்டிப் போகும். உன்னைவிட நான் இரண்டு வயது சின்னவள், ஆனாலும் நீ என்றுதான் எழுதுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். அஞ்சாம் வகுப்பில் அம்மை வந்து எழுந்து போனபோது வாத்தியார் என்னைத் தனியாக மூலையில் உட்காரச் சொன்னார். பலகையை அவர் காலடியில் வீசிவிட்டு வந்தவள் நான், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. நயமாகப் பேச யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நீ கடிதம் எழுதுவதெல்லாம் உன் தகப்பனாருக்கு. அவருக்கு எழுத்து தெரியாது, நான்தான் படித்துச் சொல்கிறேன், அது உனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினாயா, பதற்றத்தில் மறந்துவிட்டாயா, எனக்கு விளங்கவில்லை. முகம் கெட்டுப் போனால் நாளைக்கு எவன் கட்டுவான், எவனாவது வயசானவனுக்கு இரண்டாந்தாரமாகத்தான் தள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் சத்தமாகப் படித்தேன். ஒரு எழுத்தைக்கூட முழுங்கவில்லை. எதிரே உட்கார்ந்து பேத்தி அம்முவுக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தவர் அந்த வயசானவர், படித்துக்கொண்டிருந்தவள் அந்த இரண்டாந்தாரம். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பதில் எழுதுவியா?" என்றார். ஆங் என்றேன். "இன்னா எழுதப் போற?" என்றார். "இருக்கறத" என்றேன். "கோவமா எழுதாத, அவன் தூரத்துல கீறான்" என்றார். தூரம்தான். எவ்வளவு தூரம் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

என்னைக் கட்டி இந்த வீட்டுக்கு அழைத்து வந்த அன்றைக்கு நீ உன் சினேகிதர்களோடு கிணற்றடியில் நின்று, "எங்க நைனா சல்லடையக் கட்டிகினு வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தாய். நான் குடத்தோடு பின்னால் நின்றேன், நீ பார்க்கவில்லை. அதை அவரிடம் நான் இன்று வரை சொன்னதில்லை. இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், உன் மகளை எடுத்துப் படுக்க வைக்கவும், சீழ் துடைக்கவும், வேப்பிலை மாற்றவும், கண் கழுவவும் இந்தத் தெருவிலேயே அந்தச் சல்லடை ஒன்றுதான் இருந்தது. வந்து போனவளுக்கு மறுபடி வராது. மற்றவர்கள் வாசலோடு சரி. பக்கத்து வீட்டு கௌரியம்மாள் வேப்பங்கொத்து உடைத்து மதில் மேல் வைத்துவிட்டுப் போவாள், கூழ் காய்ச்சி வைத்துவிட்டுப் போவாள், அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் காய்ச்சல்தான் வந்தது. முதுகு வலிக்கிறது என்று அழுதாள், அத்தனை சின்னப் பிள்ளைக்கு முதுகு என்ன வலி என்று அப்போதே அவள் நெற்றியைத் தடவிப் பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நெற்றியில் முத்து தெரிந்ததும் உன் தகப்பனார் வாசலில் வேப்பிலை செருகி, அடுப்பில் தாளிப்பதை நிறுத்தி, வண்ணானுக்குத் துணி போடுவதை நிறுத்திவிட்டு, உனக்குத் தந்தி கொடுத்தார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, புறப்பட்டு வா என்று மட்டும். அம்மா இறங்கியிருக்கிறாள் என்பதைத் தந்தியில் போடக் கூடாது என்றார். அங்கேதான் பிசகு. போட்டிருந்தால் நீ பம்பாயிலேயே நின்றிருப்பாய், எனக்கும் இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அதற்குள் சானிடரி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஊருக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறோம், பிள்ளையை அனுப்புங்கள், கூட யாரும் வரக் கூடாது, ஒட்டிக்கொள்ளும் என்றார். உன் தகப்பனார் கைகட்டி நின்றுகொண்டு, "ஐயா, அம்மாவ வெளியே தூக்கக் கூடாதுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் முக்காட்டை எடுத்துவிட்டு வெயிலில் போய் நின்றேன். "எனக்கா ஒட்டும்? நல்லாப் பாருங்க சார், இதுக்கு மேல ஒட்ட எடம் எங்க கீது?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "அப்ப நீதாம்மா நர்சு. ஒன்னத் தவிர ஒருத்தரும் கிட்ட போகக் கூடாது. அவ தொட்ட துணி, பாய், இல அத்தனையும் கொளுத்தணும், செய்வியா?" என்றார். செய்வேன் என்றேன். கதவில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டார், உன் தகப்பனார் கையில் அம்மை குத்திவிட்டு, தெருவில் கிடைத்த பிள்ளைகளுக்கெல்லாம் குத்திக்கொண்டு போனார். ஓடி ஒளிந்தவர்களைத் துரத்திப் பிடித்துக் குத்தினார். போன வருஷம் ஆடிக் கிருத்திகையில் அப்படி ஒருவர் உன்னைத் துரத்திப் பிடித்திருக்க வேண்டும். அம்மை குத்துகிறவர் சரவணப் பொய்கைப் பக்கம் உட்கார்ந்து வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் குத்திக்கொண்டிருந்தார். நீ என்ன செய்தாய்? நேர்ந்துக்கினு வந்த பிள்ளை, முடி இறக்குறதுக்கு முன்னால மேல ஒரு கீறல் படக்கூடாது என்று, அம்முவைத் துண்டுக்குள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பூக்காவடிக் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து மலை ஏறிவிட்டாய். முடி இறக்கிவிட்டு வரும்போதாவது குத்தியிருக்கலாம். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசினோம், இப்போதுதான் சாமிக்குக் கொடுத்த உடம்பு, இப்போதும் கூடாது என்று பின்பக்கத்து வழியாக இறக்கி வந்தாய். தமயந்தி மசக்கையில் இருந்தாள், பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு இருவரும் ரயில் ஏறினீர்கள். அப்புறம் நான் எத்தனையோ தடவை சொல்லியும் உன் தகப்பனார், "அவன் வேணாம்னு போன புள்ள, அவன் வந்து சொல்லட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மலைமேல் இருக்கிறவர் முடியைத்தான் கேட்டார். முகத்தைக் கேட்கவில்லை.

டாக்டர் சுந்தரமூர்த்தி வந்தார். உன் தகப்பனார் வேப்பிலையைத் தாண்டி உள்ளே விடவில்லை. நல்ல மனுஷர், கோபப்படாமல் வெளியே நின்றபடியே சொன்னார். "ஊசி ஒண்ணும் போடல, பயப்படாதீங்க. இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் கெடையாது, பார்த்துக்கறதுதான் மருந்து. தண்ணி ஆகாரம் விடாம குடுங்க. கண்ணைக் கொதிச்சு ஆறின தண்ணியால கழுவிகினே இருங்க, ஒட்ட விட்டா பார்வை போயிடும். நகத்த வெட்டிடுங்க." நகம் வெட்டுவதா, அம்மா இருக்கிற வீட்டில் நகமும் வெட்டக் கூடாது, கத்தியும் தலையில் படக் கூடாது, நம் வீட்டில் எந்தக் காலத்தில் நடந்தது என்று இவர் குதித்தார். நான் இரண்டு பேரோடும் வாதாடவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து அவள் கைகளுக்கு இரண்டு சின்னப் பை தைத்துப் போட்டேன், நகமும் இருந்தது, கீறலும் படவில்லை. வாழையிலை மேல் வேப்பங்கொழுந்து பரப்பிப் படுக்க வைத்தேன், அதுவும் ஆயிற்று. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கண்ணும் கழுவினேன், இதுவும் ஆயிற்று. வாயெல்லாம் முத்து, முழுங்க மாட்டாள், துணித் திரியை நனைத்து நனைத்துக் கஞ்சித் தண்ணீரையும் மோரையும் சொட்டு சொட்டாக விட்டேன். அரிக்கிறது என்று அழும்போது வேப்பங்கொத்தால் வருடிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓய்ந்தால் வீறிடுவாள். ஒரு பக்கமாகவே படுத்தால் தோல் பாயோடு ஒட்டி உரிந்து வரும், அதனால் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும், புரட்டும்போது அவள் கத்துகிற கத்தலுக்குத் தெருவில் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பக்குவமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும் என்று எழுதியிருக்கிறாயே, யாருக்குச் சொல்லவும்? அந்த யாருக்கு ஒரு பேர் இருக்கிறது. ஜெயம்மா. உன் மகள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், உன் தகப்பனார் கூப்பிடுவதைக் கேட்டு. நீ அதுகூடக் கூப்பிட்டதில்லை.

முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப் போயிற்று. அன்றைக்குக் காலையில் அவள் கேட்டாள், "நைனா வந்தாச்சா?" என்று. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அம்மா இறங்கியிருக்கிற பிள்ளை எது கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது, கேட்பது பிள்ளை இல்லை. நான் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மறுபடியும் கேட்டாள். அதுவரை வாசற்படி தாண்டி உள்ளே வராமல் வெளியிலேயே உட்கார்ந்திருந்த உன் தகப்பனார், "வந்துட்டேம்மா" என்றார். எனக்கே திடுக்கென்றது. குரல் அப்படியே உன் குரல். தந்தி போய்ச் சேர்ந்திருக்கும், சாயங்காலப் பாசஞ்சரில் பையன் வந்து இறங்கிவிடுவான், அதுவரைக்கும் நாம் சொல்லி வைப்போம் என்பது அவர் கணக்கு. உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அம்மை குத்தியிருந்தார்கள், இருந்தாலும் பயம் இருந்தது, நெற்றி முழுக்க வேர்வை. அவள் துணிப்பை போட்ட கையால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள், அப்புறம் விடவில்லை.

சாயங்காலம் பாசஞ்சர் வந்து போன சத்தம் கேட்டது. நீ வரவில்லை. சேட்டு வந்தான். அரக்கோணத்தில் போர்ட்டராக இருக்கிறானே, நம் தெருக் கோடி வீட்டுச் சேட்டு, அவன்தான். கையில் ஒரு பை. பம்பாயிலிருந்து யாரோ தெரிந்தவர் கொண்டுவந்து கொடுத்தார் என்று ஆரம்பித்தான். சேட்டுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சின்ன வயசிலிருந்தே மூக்கைத் தடவுவான். தடவினான். "யாருடா தெரிஞ்சவரு?" என்றேன். வெளியே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். "அக்கா, எனக்கு மனசு கேக்கல. அண்ணன் மெயில்ல வந்து எறங்கினாரு. நான்தான் பொட்டி எடுக்க ஓடினேன். கொயந்திக்கு இன்னாடான்னாரு. அம்மா எறங்கிகீறாங்கண்ணா, ரொம்ப கடுசுன்னேன். அப்படியே பெஞ்சுல குந்திட்டாரு. திருத்தணி பாசஞ்சர் வந்து நின்னுது, ஏறுங்கண்ணான்னேன். ஏறல. வண்டி போயிடுச்சு. அப்புறம் இந்தப் பைய என் கையில குடுத்துட்டு, நான் வந்தேன்னு வீட்ல சொல்லாதடான்னு சொல்லிட்டு, திரும்பிப் போற மெயிலுக்கு டிக்கெட் எடுத்தாரு" என்றான். சொல்லிவிட்டு, "அண்ணன் அழுதாருக்கா" என்றும் சொன்னான். அழுதிருப்பாய். அழுவதற்கு அரக்கோணத்துப் பெஞ்சு எதற்கு, இங்கே வந்து கிணற்றடியில் நின்று அழுதிருக்கலாம், அவள் காதிலாவது விழுந்திருக்கும்.

மெயில் நம் ஊரில் நிற்காது, அது வாஸ்தவம். ஆனால் நம் மலையை ஒட்டித்தானே அரக்கோணம் போகிறது. வரும்போது ஒரு தடவை பார்த்தாய், திரும்பிப் போகும்போது ஒரு தடவை பார்த்தாய். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாயா, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாயா? இதைத்தான் நான் வேப்பங்கொத்து வீசும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். உனக்கு அம்மை குத்தியதும் இல்லை, வந்ததும் இல்லை, வீட்டில் பச்சைக் குழந்தை, தொத்திக்கொண்டு போனால் அதற்கு ஆபத்து என்று பயந்திருப்பாய். அது நியாயமான பயம், அதை நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதையே சேட்டுவிடம் சொல்லி அனுப்பியிருந்தால், இல்லை தெருக்கோடியில் நின்று கத்தியிருந்தால், "போப்பா, இங்க நான் பார்த்துக்கறேன்" என்று நானே துரத்தியிருப்பேன். நீ என்ன எழுதுகிறாய்? மில்லில் லீவு கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் பறந்து வந்திருப்பேன் என்று எழுதுகிறாய். வேடிக்கை என்ன தெரியுமா, அன்றைக்குச் சேட்டு போனதும் உன் தகப்பனார், "இன்னா சொன்னான்?" என்று கேட்டபோது, நானும் அதைத்தான் சொன்னேன். லீவு கிடைக்கலியாம், பை மட்டும் அனுப்பியிருக்கான் என்று. அப்புறம் உன் கடிதத்திலும் அதுவே வந்தது. நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷத்தில் ஒன்றாகச் சேர்ந்து செய்தது இந்த ஒரு பொய்தான். அவர் நம்புகிறார். "பாவம், வேலக்காரன், இன்னா செய்வான்" என்கிறார்.

பையில் திராட்சையும் ஒரு பொம்மையும் இருந்தது. திராட்சையைத் துணியில் பிழிந்து சாறு விட்டேன், நைனா வாங்கியாந்தது என்றேன், சப்புக்கொட்டிக் குடித்தாள். நாங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். மறுநாளிலிருந்து உன் தகப்பனார் காட்டுக்குப் போகவில்லை, கடலைக்கு மடை திருப்ப ஆளை விட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு நீயாகவே. பட்டணத்தைத் தாண்டாத மனுஷர் பம்பாய்க் கதை சொல்கிறார். "அங்க ரயிலு பொகையே வுடாது, தெரியுமா?" என்கிறார், நீ எப்போதோ சொன்னது. "அப்ப எது இழுக்கும்?" என்கிறாள் அவள். "கம்பி இழுக்கும்" என்கிறார். "கம்பி வலிக்குதுன்னு சொல்லாதா?" என்கிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். சமுத்திரம் எவ்வளவு பெரிசு என்றாள், நம்ம ஏரி மாதிரி பத்து என்றார், அப்புறம் யோசித்துப் பதினொன்று என்றார்.

பையைக் கழற்றி அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கை வெறும் கையாக இருந்தது, அவர் முகத்தைத் தடவினாள். உதட்டுக்கு மேல் வந்ததும் நின்றது. "நைனா, உனக்கு ஏது மீச?" என்றாள். உனக்கு மீசை இல்லை, அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. நான் குறுக்கே புகுந்து, "வந்த அலுப்பு, செரைக்கல" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் முகத்தைத் தடவ ஆரம்பித்தாள், கன்னத்துக் குழி ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, "உனக்கும் அம்மா வந்துச்சா?" என்றாள். ஆங் என்றேன். "எனக்கும் இப்படி ஆவுமா?" என்றாள். ஆவும் என்றேன். இல்லை என்று சொல்லக் கூடாது, அது போகட்டும், முகத்தைப் பற்றி நான் பொய்யும் சொல்ல மாட்டேன். "செரி" என்றாள், அவ்வளவுதான். நீ ஒரு பக்கம் முழுக்க எழுதிப் புலம்பியதை உன் மகள் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு திரும்பினேன். உன் தகப்பனார் கிணற்றடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எதிரில் தண்ணீர்ச் சொம்பு, உன் பழைய சவரக் கத்தி. நகம் வெட்டக் கூடாது என்று டாக்டரைத் திருப்பியனுப்பிய அதே மனுஷர். எனக்கு விவரம் தெரிந்து அந்த மீசை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை, நீயும் பார்த்திருக்க மாட்டாய். மேலுதடு வெளுத்து, வெட்டுப்பட்டு, இரண்டு இடத்தில் ரத்தம். மதிலுக்கு அந்தப் பக்கம் கௌரியம்மாள் பார்த்துவிட்டாள், மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பரசுராமா, ஆத்தா இருக்கற ஊட்ல கத்தி எடுத்தியா, குடும்பம் வெளங்குமா, கொயந்தி கண்ணு போனா யாரு பதில் சொல்றது?" என்றாள். அவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவதான் கேட்டா, நான் எப்படி இல்லன்னு சொல்றது?" என்றார். என்னிடம் வந்து, "பாத்தா அவனாட்டம் கீதா?" என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வேன், நானும் ஆங் என்றேன். உள்ளே போய் அவள் கையை எடுத்துத் தானே தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அவள் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போனாள். அன்றைக்கு இறங்க ஆரம்பித்த காய்ச்சல்தான். அது மீசைக்காக இறங்கியது என்று அவர் நம்புகிறார், டாக்டர் அது இறங்க வேண்டிய நேரம் என்கிறார், எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் உன் தகப்பனார் கிணற்றடியில் எதை இழந்துவிட்டு வந்தார் என்று உனக்குத் தெரிய வேண்டும், ஊரில் அவரை மீசைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். இப்போது வாய் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மதில் ஓரமாக நடக்கிறார், யாருக்காக நடக்கிறார் என்று யோசி.

இப்போதைய நிலைமை இது. முத்தெல்லாம் காய்ந்து பொருக்கு கட்டிவிட்டது. தலைக்கு இரண்டு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இன்னும் ஒன்று பாக்கி, மூன்றாவதும் ஊற்றின பிறகுதான் அம்மா போனதாகக் கணக்கு. கஞ்சியைக் கிண்ணத்தோடு குடிக்கிறாள், கூடக் கொஞ்சம் வெல்லம் கேட்கிறாள், என்னைத் திட்டவும் ஆரம்பித்துவிட்டாள், அதனால் பிழைத்துவிட்டாள் என்று வைத்துக்கொள். கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, இமை பொருக்கால் ஒட்டியிருக்கிறது, இழுக்கக் கூடாது, நனைத்து நனைத்துத் தானாக விடட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விளக்கெண்ணெய் தொட்டு வைக்கிறேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால், "வெயிலு செவப்பா தெரியுது" என்கிறாள், அது நல்ல குறி என்கிறார் டாக்டர், திறந்தால்தான் நிச்சயம் சொல்லலாம் என்கிறார். இன்றைக்கோ நாளைக்கோ திறக்கும். எனக்கு அதில் இரண்டு பயம். திறந்து அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பது ஒன்று. திறந்து எல்லாம் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. இத்தனை நாளாக விரலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது யாரை என்று அவள் பார்க்கப் போகிறாள்.

அதனால் நீ வர வேண்டும். கெஞ்சவில்லை, சொல்கிறேன். முதலில் பம்பாயில் நீ அம்மை குத்திக்கொள், அது பிடித்துப் பொருக்கு கட்டட்டும், அப்புறம் ரயில் ஏறு. தமயந்தியையும் குழந்தையையும் கூட்டி வராதே, இங்கே அம்முவுக்குக் கடைசிப் பொருக்கும் உதிர்ந்து துணியெல்லாம் கொளுத்திய பிறகுதான் அவர்கள் வரலாம், இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீ மட்டும் வா. அரக்கோணத்தில் இறங்கினால் பெஞ்சில் உட்காராதே, உட்கார்ந்தால் எழ மாட்டாய். நேராகப் பாசஞ்சர் ஏறு. வந்தால் நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சேட்டுவும் வாயைத் திறக்க மாட்டான், லீவு இப்போதுதான் கிடைத்தது என்று நீ சொல்லிக்கொள், நானும் தலையாட்டுகிறேன். வராவிட்டால் உன் தகப்பனாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். மிரட்டல் என்றே வைத்துக்கொள். அந்த மனுஷர் மீசையை எடுத்தது வர முடியாத மகனுக்காக, வந்துவிட்டுத் திரும்பிப் போனவனுக்காக இல்லை.

இந்தக் காகிதத்தைத் தொடப் பயப்படாதே. கை கால் கழுவி, வேறு புடவை மாற்றி, வெளியே துவைக்கிற கல் மேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்படியும் பயமாக இருந்தால் மாமியாரை இடுக்கியால் பிடிக்கச் சொல்லிப் படித்துக்கொள்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. கைக்குழந்தைக்கு உடனே அம்மை குத்திவிடு. நேர்ந்துகொண்டிருந்தாலும் சரி, மொட்டை போடாவிட்டாலும் சரி, அழுதாலும் சரி. அந்தப் பிள்ளையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு எந்த மலையும் ஏறாதே. தமயந்தி நன்றாக இருக்கட்டும், குழந்தை நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும், உனக்கும் நல்ல புத்தியும் நல்ல கால்களும் மலைமேல் இருக்கிறவர் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தகப்பனாரின் இரண்டாந்தாரம், உன் சின்னம்மா,
ஜெயம்மா

கையெழுத்துப் போட்டுவிட்டு மடிக்கப் போனேன், உள்ளே உன் தகப்பனார் என் பேரைச் சொல்லிக் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், எழுத்து கோணும். வலது கண் திறந்துவிட்டது. இடதும் பாதி. பார்வை இருக்கிறது ராஜவேலு, இருக்கிறது, நான் வாசற்படியில் நின்று விரலை ஆட்டினேன், கண் கூடவே வந்தது. அப்புறம் பக்கத்தில் இருக்கிறவரை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "தாத்தா, உன் மீச எங்க?" என்றாள். அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். அவள் தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "நைனா எங்க?" என்றாள். இன்னும் ஒரு தண்ணீர் பாக்கி இருக்கிறது, அதுவரை அவளிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. அவர் என்னைப் பார்க்கிறார், என்ன சொல்வது என்று. சேட்டு டூட்டிக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறான், இதை இப்படியே அவன் கையில் கொடுக்கிறேன். மறுபடியும் கேட்கிறாள். நான் உள்ளே போக வேண்டும்.